யாரைக் கேட்டாலும் இருக்கிறார்

மணி பன்னிரண்டு. ராத்திரி இல்லை... மதியம்.

சிரிக்காதே ஹம்சா. பேய் என்றால் ராத்திரி ஷிப்டுக்குத்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னது? வெயில் உச்சியில் நிற்கும்போது, நம் நிழல் நம் காலுக்கடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும்போது, தனியாக வெளியே போகாதே என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஏன் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நிரஞ்சன், அந்த டார்ச்சை அணை. இந்த மொட்டை மாடியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் கிட்டே வந்து உட்கார்.

இது என் சிநேகிதன் லாய்ட் சொன்னது. அவனுடைய அக்கா நோராவுக்கு நடந்தது. இந்த வருஷம் மே மாதம்தான், அக்னி நட்சத்திரம், ஞாயிற்றுக்கிழமை. ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்து. இரண்டு பக்கமும் பழைய பங்களாக்கள், பூட்டிய கேட்டுகள். ஒரு ஆள் இல்லை. நாய்கள்கூடக் கார்களுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டன. தார் இளகி, ஒவ்வொரு அடிக்கும் செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது. சப்... சப்... காலைப் பூசை முடிந்து, வீட்டுக்குப் போய் மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, நேராக அங்கே வந்திருந்தாள் நோரா. பாதிச் சந்தில் அவள் நின்றாள். அவள் நின்ற பிறகும் ஒரு ‘சப்’ கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. வெயில்தான்.

நோரா வேலை பார்த்தது கணேசமூர்த்தி என்பவருடைய மின்னஞ்சல் கம்பெனியில். அதற்கு முன்னால் அவர் ஃபேக்ஸ் கடை வைத்திருந்தவர். அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற அப்பா அம்மாக்கள், தோல் ஏற்றுமதி செய்கிறவர்கள் என்று மூவாயிரம் வாடிக்கையாளர்கள். ராத்திரி ஆனால் போதும், எல்லோரும் மோடத்தைப் போட்டுக்கொண்டு கடிதம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் மெஷினில் எந்தப் பெரிய வேலை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம்.

என்ன வேலை என்று சொல்கிறேன், பயப்படாதீர்கள், பாடம் எடுக்கப் போவதில்லை. பழைய மெஷினில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக ஒரு இடம் ஒதுக்கி, அவரை அந்த மெஷினின் சொந்த ஆளாகவே சேர்த்து வைத்திருந்தார்கள். ஆள் கூடக் கூட மெஷின் திணற ஆரம்பித்தது. கணேசமூர்த்திக்கோ முப்பதாயிரம் பேரைச் சேர்க்க ஆசை. புது மெஷினில் நோரா வேறு மாதிரி செய்தாள். யாருக்கும் தனி இடம் கிடையாது. ஒரு அட்டவணை, அதில் ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் பெயர் இருந்தால் கடிதத்தை வாங்கி வைக்கும், அவ்வளவுதான். உண்மையில் அப்படி ஒரு ஆள் மெஷினுக்குள்ளே எங்கேயும் இல்லை. இல்லாதவர்களுக்காகத் திறந்த வீடு அது. லட்சம் பேர் வந்தாலும் தாங்கும்.

கடிதம் வரும்போது, அனுப்புகிற மெஷின் முதலில் ஒரு கேள்வி கேட்கும். இன்னார் அங்கே இருக்கிறாரா? நம் மெஷின் அட்டவணையைப் பார்த்து, இருக்கிறார் அல்லது அப்படி ஒருவர் இல்லை என்று பதில் சொல்லும். இல்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். கணேசமூர்த்திக்குப் பிடிக்காததே அதுதான்.

“நோராம்மா, கடிதம் திரும்பிப் போச்சுன்னா சண்டைக்கு வர்றது என்கிட்ட. எவன் பேரைக் கேட்டாலும் இருக்கார்னு வாங்கிப் போட்டுருங்க. அப்புறமா பிரிச்சுக்கலாம்.”

அதற்கு ஒரு வழி உண்டு. அட்டவணையின் கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அதன் பிறகு எந்தப் பெயரைக் கேட்டாலும், பிறந்ததோ பிறக்காததோ, மெஷின் ‘இருக்கிறார்’ என்றுதான் சொல்லும். நோராவுக்கு அது பிடிக்கவில்லை. வேலை தெரிந்த புத்தி வேண்டாம் என்றது. ஆனால் திங்கட்கிழமை காலைக்குள் முடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். கணவர் மஸ்கட்டில். அவர் அனுப்புவது வாடகைக்குச் சரியாக இருக்கும். ஏழு வயது கரோலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைப்பது நோராவின் சம்பளம்தான். அந்த வரியைச் சேர்த்துவிட்டாள்.

அந்தச் சந்தின் கடைசியில் இருந்த கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேன் வேம்பு மட்டும் இருந்தார். அவள் மாடியேறினாள். கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி போகக்கூடாது என்பதற்காகச் செருப்பை வெளியே விட வேண்டும். கதவில் காகிதமே ஒட்டியிருக்கும். அவளுடைய ஒரே ஜோடியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஏ.சி. உறுமல், மெஷினின் விசிறிச் சத்தம், வேறொன்றும் இல்லை. புது மெஷினை இன்னும் வெளியுலகத்தோடு இணைக்கவில்லை. கேபிள் தரையில் சுருட்டியபடி கிடந்தது. எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஒரு மணிக்கு மாட்டலாம் என்று இருந்தாள்.

மெஷினை எழுப்பினாள். யார் என்ன கேட்டார்கள், என்ன பதில் போனது என்று வரி வரியாக ஓடும் திரையைத் திறந்து வைத்தாள். யாரும் கேட்க வழியில்லை, திரை காலியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு வரி விழுந்தது.

சூடாமணி இருக்கிறாரா?... இருக்கிறார்.

முந்தின நாள் தான் போட்டுப் பார்த்த சோதனைதான் ஏதோ மிச்சம் என்று நினைத்தாள். சூடாமணி என்று எதையும் போட்ட ஞாபகம் இல்லை. நாலைந்து நிமிஷம் போனது.

ஷரஃபுதீன் இருக்கிறாரா?... இருக்கிறார்.

குனிந்து கேபிளைப் பார்த்தாள். அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. எங்கிருந்து கேட்கிறார்கள் என்று திரையில் தேடினாள். அங்கே ஒரு எண் இருந்தது. அது அந்த மெஷினின் சொந்த எண். வெளியிலிருந்து யாரும் கேட்கவில்லை... கேள்வி உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது.

ஸ்ரீரங்கன் இருக்கிறாரா?... இருக்கிறார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்ததாம். ஏ.சி. அறையில், எல்லா ஜன்னலும் சாத்திய அறையில், இப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை. கூடவே ஈர மண். வெளியே அக்னி நட்சத்திரம் காய்கிறது, மண் எங்கே ஈரமாவது?

தப்பு தன் வேலையில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு அமைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வேலை தெரிந்தவர்களின் கெட்ட பழக்கம் இது. கண் முன்னால் நடப்பதை நம்ப மாட்டார்கள், எங்கே பிழை விட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். நான் என்றால் இரண்டாவது பெயரிலேயே படியிறங்கி ஓடியிருப்பேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கதவு தட்டப்பட்டது. நோராவுக்கு உயிர் போய் வந்தது. வேம்புதான். கதவைத் திறக்காமல் வெளியே நின்றே பேசினார்.

“யம்மா... ஒண்டியாத்தான் வந்துகிறேன்னு சொன்ன?”

“ஆமா, ஏன் வேம்பு?”

“அப்போ இன்னா இத்தினி செருப்பு கெடக்குது இங்க? நான் கேட்டாண்டயேதான் குந்திக்கினு கீறேன். ஒர்த்தரும் தாண்டல.”

அவள் பதில் சொல்வதற்குள் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. தடதடவென்று, ஓடுகிற மாதிரி. கேட் திறந்து மூடியது. அந்த மனிதர் மறுநாள் வந்து சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லை.

நோரா எழுந்துபோய்க் கதவை ஒரு விரற்கடை திறந்தாள். அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக... சுவரை ஒட்டி ஒழுங்காக... ஒரு பெண்ணின் பழைய ரப்பர் செருப்பு. ஒரு கறுப்பு ஷூ, பக்கிள் வைத்தது. மரக்கட்டைச் செருப்பு ஒரு ஜோடி. இன்னும் மூன்று நான்கு. எல்லாவற்றிலும் மண் ஒட்டியிருந்தது, ஈரமாக. செருப்புக்காரர்கள் யாரும் இல்லை. வாசலில் கழற்றிவிட்டால் ஆட்கள் உள்ளேதானே வந்திருக்க வேண்டும்? அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது அந்த அறை மட்டும்தான்.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே நின்றாள். அப்போது மாடிப்படியில் ஒரு சத்தம்.

டக்... சர்ர். டக்... சர்ர்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். லாய்டுக்கும் தெரியும். அவர்கள் அப்பா இக்னேஷியஸுக்கு இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. ராயப்பேட்டையில் அளவு கொடுத்து, இடது செருப்புக்கு மட்டும் தடித்த அடி வைத்துத் தைத்துப் போடுவார். அந்தச் செருப்போடு அவர் படியேறினால் தெருவுக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது, பெட்டியை மூடும் முன் அந்தச் செருப்பை நோராதான் மாட்டிவிட்டாள். செருப்பில்லாமல் அப்பா எப்படி நடப்பார் என்று அழுதுகொண்டே மாட்டினாளாம்.

சத்தம் மேல்படியில் நின்றது. யாரும் தெரியவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு ஜோடி இருந்தது, இடது அடி தடித்தது.

பயத்தில் கதவைச் சாத்தித் திரும்பினாள். அறை காலி. திரையில் புது வரி.

இக்னேஷியஸ் இருக்கிறாரா?... இருக்கிறார்.

அந்த நிமிஷம்தான் நோராவுக்கு உறைத்தது. முதலில் யார் யாரோ. இப்போது தன் வீட்டுக்கு வந்துவிட்டது. தன் வீட்டில் இனி இருப்பது மூன்று பேர். தான், லாய்ட், கரோல். எவர் பெயரைக் கேட்டாலும் இந்த மெஷின் ஆமாம் என்றுதான் சொல்லும், ஏனென்றால் அப்படிச் சொல்ல வைத்தது தானேதான்.

நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே அட்டவணையைத் திறந்து அந்தக் கடைசி வரியை அழித்தாள். அதோடு ஒரு வரியைப் புதிதாக எழுதினாள். கரோல் என்று யாராவது கேட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லை. பெற்றவள் தன் கையால் அடிக்கிற வரியா அது? இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறை சரியாக அடித்தாள். அட்டவணையை மாற்றினால் மெஷின் அதை மறுபடி கட்டி முடிக்க வேண்டும். கொஞ்ச நேரம்தான், ஒரு பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் மெஷினுக்கு அட்டவணை கிடையாது. யார் கேட்டாலும் இருக்கிறார் என்றும் சொல்லத் தெரியாது, இல்லை என்றும் சொல்லத் தெரியாது.

அந்தப் பத்து விநாடிக்குள் கேள்வி விழுந்தது.

கரோல் இருக்கிறாளா?... இப்போது சொல்ல முடியவில்லை. பிறகு வந்து கேட்கவும்.

ஹம்சா கேட்கிறாள், அப்போதே மெஷினை அணைத்துவிட்டால் என்ன என்று. நல்ல கேள்விதான். அணைத்தால் பதிலே வராது. பதில் வராவிட்டாலும் அதற்கு அர்த்தம் பிறகு வா என்பதுதான். இல்லை என்று வாயைத் திறந்து சொன்னால்தான் கேட்டவர் போவார். பிறகு வா என்றால் கண்டிப்பாக வருவார். கால் மணியில் வருவார், அரை மணியில் வருவார், ஐந்து நாள்வரை விடாமல் வந்துகொண்டிருப்பார். மின்னஞ்சல் வேலையில் முதல் வாரமே சொல்லித்தருவது இதுதான். நோராவே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

அட்டவணை தயாராகிவிட்டது. இனி வந்து கேட்டால் இல்லை என்ற பதில் போகும். அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். ஐந்து நிமிஷம். பதினைந்து. இருபது. வா, வந்து கேள், கேட்டுத் தொலை என்று வாய்விட்டே கெஞ்சினாளாம்.

யாரும் கேட்கவில்லை.

மெழுகுவர்த்தி வாசனை போய்விட்டது. கதவைத் திறந்தாள். வாசலில் அவளுடைய ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. மற்றது எல்லாம்... போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஈர மண் தடம் படியிறங்கி, கேட்டைத் தாண்டி, நோராவின் வீடு இருக்கும் சாந்தோம் பக்கம் திரும்பியிருந்தது.

வீட்டுக்கு போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு லாய்ட் செத்த மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். இதைச் சொல்லும்போது அவன் அழுதான். நான் அவன் தோளில் கையை வைத்தேன்.

ஆட்டோ பிடித்து நோரா வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. கேட் திறந்து கிடந்தது. கரோல் வாசல்படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. நோரா அவளை வாரி இறுக்கிக்கொண்டாள். குழந்தைக்கு மூச்சு முட்டியது.

“மம்மி, விடுங்க! வலிக்குது.”

“யாராவது வந்தாங்களாடி? சொல்லு, யாராவது வந்தாங்களா?”

“நிறைய பேர் வந்தாங்க மம்மி. கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டு, கரோல் இருக்காளான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“இருக்கேன்னு சொன்னேன்.”

நோரா திறந்து கிடந்த கேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு தாத்தா மட்டும் பின்னாடி நின்னுக்கிட்டு, சொல்லாதே சொல்லாதேன்னு தலையை ஆட்டினாரு. நான் அதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன் மம்மி. அப்புறம் எல்லாரும் சரின்னு போய்ட்டாங்க. அந்தத் தாத்தாவுக்குத்தான் நடக்கவே முடியல, பாவம்.”

நோரா மறுநாள் வேலைக்குப் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்கு எழுதப் போனாள். புது மெஷின் ஆழ்வார்பேட்டையில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கரோல் என்று ஒருவர் இங்கே இல்லை என்று அவள் எழுதிய வரி அதிலேயேதான் இருக்கிறது. அழித்துவிட்டு வா என்று லாய்ட் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். அந்தப் படியை மறுபடி ஏற அவளால் முடியவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம். கரோல் சாப்பிட்டாள், சண்டை போட்டாள், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் போனாள். போன வருஷம் இருந்த அதே மிஸ்தான் இந்த வருஷமும். கரோல் என்றால் அவருக்கு உயிர். நோரா மெல்ல மெல்ல ராத்திரியில் தூங்க ஆரம்பித்தாள்.

ஆகஸ்டில் கரோலுக்கு அம்மை போட்டது. பதினாறு நாள் வீட்டோடு கிடந்தாள். முகம் முழுக்கத் தழும்பு. குணமானதும் லீவ் லெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு லாய்ட்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பறைக்குள் மிஸ் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளைகள் ஒவ்வொருவராக ‘ப்ரெசென்ட் மிஸ்’ என்றார்கள். லாய்ட் கரோலின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே காத்திருந்தான்.

“கரோல்.”

கரோல் வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்கு முன்னால் உள்ளே மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் சொல்லிவிட்டது. தெளிவாக, நல்ல கணீரென்று.

“ப்ரெசென்ட் மிஸ்.”

மிஸ் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.  லாய்ட் கரோலோடு உள்ளே போய் லெட்டரை நீட்டினான். மிஸ் அதைப் படித்தார். பதிவேட்டை நாலு பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்தார்.

“பதினாறு நாள் லீவா? என்ன சார் இது? கரோல் ஒரு நாள்கூட லீவ் போடலையே.”

பிறகு குனிந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கரோலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வேற்று வீட்டுக் குழந்தையிடம் சிரிப்பது போல அன்பாகச் சிரித்தார்.

“இந்தப் பாப்பா யாரு சார்?”